இன்ஜின் வைத்த சைக்கிளைப் பதிவு செய்வது எப்படி: பின்னால் இன்ஜினை மாற்றும் எண்ணம் இருப்பவர்களுக்கு

சைக்கிளில் சின்ன இன்ஜின் ஒன்றை மாட்டி ஓட்ட ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் அந்த முதல் இன்ஜினோடு நிற்பதில்லை. சைக்கிளில் மாட்டவென்றே விற்கும் கிட்டில் வரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் தேய்ந்து போகும். அது தேயாவிட்டாலும் மேட்டில் திணறுவதைப் பார்த்துக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமே என்று தோன்றும், இல்லை புகையும் சத்தமும் பொறுக்காமல் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கோ பேட்டரி மோட்டாருக்கோ மாறத் தோன்றும். எப்படியும் இன்ஜின் ஒருநாள் மாறும். அதனால் பதிவுக்குப் போகும்போதே அதை மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

நான் முதல் தடவை பதிவு செய்தபோது விண்ணப்பத்தில் வண்டி அடையாள எண் கேட்ட கட்டத்தில், இன்ஜினில் அடித்திருந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுதான் பளிச்சென்று கண்ணில் பட்டது, ஃபிரேமில் இருந்த எண் பெயின்டில் மூடிக் கிடந்தது. கவுன்ட்டரில் இருந்தவரும் எதுவும் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் கிராங்க் பேரிங் போய்விட்டது, அதே அளவில் புது இன்ஜின் வாங்கி மாட்டினேன். அப்புறம்தான் புரிந்தது, தாளில் இருக்கும் வண்டி இப்போது உலகத்திலேயே இல்லை என்று. திரும்ப முதலிலிருந்து விண்ணப்பம், திரும்ப ஆய்வு, பழைய நம்பர் பிளேட்டை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பு. அத்தனை அலைச்சலும் ஒரு கட்டத்தில் தப்பான எண்ணை எழுதியதால் வந்தது. இதைப் படிக்கிற யாருக்கும் அது நேரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: வண்டி என்றால் ஃபிரேம், இன்ஜின் அதில் வந்து போகும் பாகம். பதிவு ஃபிரேம் எண்ணின் மேல் நிற்கட்டும். இன்றைக்கு எந்த இன்ஜின் உட்கார்ந்திருக்கிறதோ அதை மட்டும் உள்ளபடி எழுதுங்கள். நாளை வரப்போகும் இன்ஜினுக்கு இப்போது செய்ய வேண்டியது வேறு சில வேலைகள், அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: இரண்டு இன்ஜினும் ஒரே வகைக்குள் வருமா?

விதி நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்கா போன்ற இடத்தில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் எங்கே போனாலும் பார்ப்பது கிட்டத்தட்ட இவற்றைத்தான்: எத்தனை சி.சி., எத்தனை குதிரைத்திறன், சமதளத்தில் உச்ச வேகம் என்ன, கிளட்சும் கியரும் ஓட்டுபவர் கையில் இருக்கிறதா, பெடல் வேலை செய்கிறதா.

ஃப்ளோரிடாவில் மொபெட் என்று பதிய வேண்டுமானால் பெடல் இருக்க வேண்டும், 2 குதிரைத்திறனைத் தாண்டக்கூடாது, மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக்கூடாது, பெட்ரோல் இன்ஜின் 50 சி.சி.க்குள் இருக்க வேண்டும், ஓட ஆரம்பித்த பிறகு கிளட்ச், கியர் என்று எதையும் ஓட்டுபவர் போடும்படி இருக்கக்கூடாது. கலிஃபோர்னியாவின் வரையறையில் அதே 30 மைல் இருக்கிறது, ஆட்டோமேட்டிக் இருக்கிறது, முழுமையாக இயங்கும் பெடல் இருக்கிறது, திறன் 4 குதிரைத்திறனுக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் சி.சி. வரம்பு என்று ஒன்று இல்லை. ஆக ஒரே 66 சி.சி. இன்ஜின் ஓர் இடத்தில் மொபெட், இன்னோர் இடத்தில் மோட்டார் சைக்கிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மொபெட் வகைக்கு 50 சி.சி., மணிக்கு 45 கிலோமீட்டர், 4 கிலோவாட் என்பது எல்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் இன்ஜின் 25 சி.சி.யைத் தாண்டாவிட்டால் அதை மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே சேர்ப்பதில்லை. தாண்டினால் முழு மோட்டார் வாகனம்தான், அப்போது வகை ஒப்புதல், அதாவது அந்த மாதிரி வண்டி விதிக்குப் பொருந்துகிறது என்று சோதித்துத் தரும் சான்று, என்ற பெரிய சுவர் முன்னால் வந்து நிற்கும், வீட்டில் கட்டிய வண்டிக்கு அதைத் தாண்டுவது மிகவும் கடினம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014 அக்டோபர் 1 முதல் பெட்ரோல் இன்ஜின் சைக்கிளைச் சாலையில் ஓட்டவே தடை. அந்த மாதிரி இடத்தில் பதிவைப் பற்றிப் பேசுவதற்கே ஒன்றும் இல்லை.

உங்கள் ஊர் விதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் இப்போதைய இன்ஜின், இன்னொன்றில் பின்னால் போட நினைக்கும் இன்ஜின். மேலே சொன்ன ஐந்தையும் இரண்டுக்கும் எழுதுங்கள். இரண்டும் ஒரே வகைக்குள் விழுந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

சி.சி.யைப் பெட்டியில் பார்த்து எழுதாதீர்கள்

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கிட் விற்பவர்கள் ‘80 சி.சி.’ என்று போட்டு விற்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெரும்பாலும் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு பக்கம் நகரும் தூரம், 38 மில்லிமீட்டர். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து அதையே அதோடு பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, அப்புறம் ஸ்ட்ரோக்கால் பெருக்க வேண்டும். 4.7 × 4.7 × 0.7854 × 3.8 = 65.9. அதாவது 66 சி.சி. அதே குடும்பத்தில் 40 மில்லிமீட்டர் விட்டமும் 38 ஸ்ட்ரோக்கும் கொண்டது 47.8 வரும், அதைத்தான் 48 அல்லது 50 என்று விற்கிறார்கள். ஹோண்டாவின் ஜி.எக்ஸ்.எச். 50 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் விட்டம் 41.8, ஸ்ட்ரோக் 36, கணக்குப் போட்டால் 49.4.

பெட்டியில் இருப்பதை நம்பி 80 என்று எழுதினால் தேவையில்லாமல் மேல் வகைக்குத் தள்ளப்படுவீர்கள். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். 48-உம் 66-உம் வெளிப்பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும், ஒரே மவுண்டில் உட்காரும், அதனால் 48 என்று பதிந்துவிட்டு 66-ஐ மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுக்க நாலு பேர் இருப்பார்கள். சாலையில் நிறுத்திப் பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் தரப்பில் ஹெட்டைக் கழற்றி விட்டத்தை அளந்தால் ஐந்து நிமிட வேலை. அடிபட்டுக் கிடப்பது இன்னொருவராக இருந்தால் அந்த ஏழு மில்லிமீட்டர் உங்கள் வீட்டையே விற்க வைத்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

வேகத்தையும் கணக்குப் போடுங்கள்

சி.சி. சரியாக இருந்தும் வேகத்தில் வகை தாண்டிப் போவது உண்டு, அதுவும் ஒரு பல்சக்கரம் மாற்றியதாலேயே. கிட் இன்ஜினில் உள்ளே 4.1-க்கு 1 என்ற குறைப்பு இருக்கும், அதாவது இன்ஜின் 4.1 சுற்று சுற்றினால் வெளியே 1 சுற்று, வெளியே சின்ன ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) 10 பல், பின் சக்கரத்தில் வழக்கமாக 44 பல். மொத்தம் 4.1 × 4.4, கிட்டத்தட்ட 18. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.07 மீட்டர் போகும். இன்ஜின் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு 48 கிலோமீட்டர், அதாவது சரியாக 30 மைல். இதே வண்டியில் பின்னால் 36 பல் போட்டால் மொத்தக் குறைப்பு 14.8 ஆகி அதே 7000-இல் 59 கிலோமீட்டர் வந்துவிடும். காற்றும் எடையும் இழுப்பதால் நிஜத்தில் அவ்வளவு எட்டாமல் போகலாம், ஆனால் ஆய்வுக்கு வருபவர் இந்தக் கணக்கைப் போட்டுக் கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். இப்போதைய இன்ஜினுக்கும் அடுத்த இன்ஜினுக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, எந்த ஸ்ப்ராக்கெட்டோடு வரம்புக்குள் நிற்கும் என்று அதே தாளில் குறித்துவிடுங்கள்.

கிளட்சையும் விட்டுவிடாதீர்கள். டூ ஸ்ட்ரோக் கிட்டில் கைப்பிடியில் கிளட்ச் லீவர் வரும். ஃபோர் ஸ்ட்ரோக் கிட்டுகளில் பெரும்பாலும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், தானே பிடிக்கும். ஆட்டோமேட்டிக் என்று விதியில் எழுதியிருக்கும் இடத்தில் இரண்டாவதுக்கு மாறுவது உங்களுக்குச் சாதகம். அதே சமயம் ஃபோர் ஸ்ட்ரோக் அகலம் அதிகம் என்பதால் பெடல் கிராங்க்கை அகலமானதாக மாற்ற வேண்டியிருக்கும். கிராங்க் இன்ஜினில் இடிக்கிறது என்று பெடலைக் கழற்றி, கால் வைக்கக் கம்பி போட்டுக்கொண்டால், பெடல் கட்டாயம் என்று சொல்லும் இடங்களில் அந்த நிமிடமே உங்கள் வண்டி மொபெட் இல்லை.

வகை தாண்டுகிறது என்றால்

இரண்டு பத்தியும் வேறு வேறு வகையில் விழுந்தால் இப்போதே முடிவெடுக்க வேண்டும். வராத இன்ஜினுக்காக மேல் வகையில் பதிய முடியாது, அந்த இன்ஜினோடு வண்டி முன்னால் நின்றால்தான் பதிவார்கள். அதனால் உங்கள் முன்னால் இருப்பது, பெரிய இன்ஜின் ஆசையை வரம்புக்குள் வரும் இன்ஜினாகக் குறைத்துக்கொள்வது, அல்லது இப்போது சின்ன வகையில் பதிந்துவிட்டு மாற்றும் நாளில் வண்டியைச் சாலையிலிருந்து இறக்கி மறுபதிவு முடிந்த பிறகே ஏற்றுவது, அல்லது இரண்டு மூன்று மாதத்தில் மாற்றப் போவது உறுதி என்றால் இப்போது பதியாமல் நேராகப் பெரிய இன்ஜினோடு போவது.

என்னைக் கேட்டால் முதல் வழியைத்தான் சொல்வேன். மேல் வகைக்குப் போனால் மோட்டார் சைக்கிளுக்குக் கேட்பதெல்லாம் கேட்பார்கள். மோட்டார் வாகனத்துக்கென்று தரச்சான்று பொறித்த டயர், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன், முறையான முகப்பு விளக்கு, அமெரிக்காவில் 17 எழுத்து வண்டி அடையாள எண்ணோ அதற்குப் பதிலாக மாநிலம் ஒதுக்கிக் கொடுக்கும் எண்ணோ. இதெல்லாம் காசு செலவழித்தால் கிடைத்துவிடும். சைக்கிள் ஃபிரேமும், ரப்பர் கட்டை வைத்து ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவையே இல்லை என்பதுதான் பெரிய விஷயம், அது காசால் தீராது.

ஃபிரேம் எண்ணைத் தேடி எடுங்கள்

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பெடல் அச்சு உள்ளே போகும் தடித்த குழாயின் அடிப்பக்கம்தான் எண் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லை என்றால் சீட் குழாயின் மேல்பக்கம், ஹேண்டில் குழாயின் முன்பக்கம், பின் சக்கரம் மாட்டும் தகடு, இந்த இடங்களைப் பாருங்கள். கிரீஸும் மண்ணும் இருந்தால் துணியில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் துடையுங்கள். பெயின்ட் மூடியிருந்தால் மெல்லிய எமரி தாளால் லேசாக, பெயின்ட் போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள், உலோகத்தைத் தேய்த்துவிடாதீர்கள், எண்ணைச் சுரண்டியது போலத் தெரிந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுத்துவிடும். அப்புறம் மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் இறுக்கிப் பிடித்துப் பென்சிலைச் சாய்த்து வைத்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் ஏறும். அந்தப் பென்சில் பிரிண்ட்டில் இரண்டு எடுத்து வையுங்கள். 1-உம் ஆங்கில I எழுத்தும், 0-உம் ஆங்கில O எழுத்தும் குழப்பும், ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணே இல்லாத ஃபிரேமாக இருந்தால் நீங்களாக அச்சு வைத்து அடிக்காதீர்கள், அது பல இடங்களில் குற்றம். எண் ஒதுக்கித் தரச் சொல்லிப் பதிவு அலுவலகத்திலேயே கேட்க வேண்டும். பழைய சைக்கிள் வாங்கியிருந்தால் அது திருட்டு வண்டி இல்லை என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இனிமேல் அந்த எண் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளப் போகிறது.

பில்களைப் பிரித்து வாங்குங்கள்

ஃபிரேமுக்கு ஒரு பில், இன்ஜினுக்குத் தனி பில். இரண்டையும் சேர்த்து ‘மோட்டார் சைக்கிள் செட்’ என்று ஒரே தாளில் வாங்கினால் பின்னால் இன்ஜின் மட்டும் மாறும்போது எது எதற்குக் கொடுத்த பணம் என்று விளக்க முடியாது. இன்ஜின் பில்லில் இன்ஜின் எண், சி.சி., தேதி, விற்றவர் பெயர் இருக்க வேண்டும். சில கடைகள் ‘சைக்கிள் உதிரி பாகம்’ என்று மொட்டையாக எழுதித் தருவார்கள், அங்கேயே நின்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். இன்ஜினில் எண் அடிக்காமலே வருவதும் உண்டு, அப்படியானால் பில்லில் ‘எண் பொறிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். உமிழ்வுச் சான்று ஸ்டிக்கர் இன்ஜின் மேல் ஒட்டியிருந்தால் எண்ணெய் பட்டு அழிவதற்குள் ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். இரண்டாவது இன்ஜினை வாங்கும்போதும் இதே கறார்தான்.

விண்ணப்பம் எழுதும்போது

வண்டி அடையாள எண் என்ற கட்டத்தில் ஃபிரேம் எண். இன்ஜின் எண் என்று தனிக் கட்டம் இருந்தால் அங்கே மட்டும் இன்ஜின் எண். தனிக் கட்டம் இல்லை என்றால் எழுதாமல் விடுங்கள், கேட்டால் சொல்லுங்கள். தயாரிப்பாளர் என்று கேட்டால் என்ன எழுதுவது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஃபிரேம் கம்பெனியின் பெயரா, சொந்தமாகக் கட்டியது என்றா என்று கவுன்ட்டரில் கேட்டு எழுதுங்கள். இன்ஜின் கம்பெனியின் பெயரை மட்டும் அந்தக் கட்டத்தில் போடாதீர்கள், மாற்றும்போது அதுவும் ஒரு முடிச்சாகிவிடும். சி.சி.யும் திறனும் இன்றைய இன்ஜினுடையது. ‘பின்னால் மாற்றப் போகிறேன்’ என்று எங்கேயும் எழுதத் தேவையில்லை.

ஆனால் வாய்விட்டுக் கேளுங்கள். “இந்த இன்ஜின் பழுதாகி அதே அளவில் வேறு போட்டால் எந்தப் படிவம், எத்தனை நாளுக்குள் கொடுக்கணும்? அளவு மாறினால் முன்கூட்டியே அனுமதி வாங்கணுமா?” இந்த இரண்டு கேள்வி போதும். முடிந்தால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள், ஆறு மாதம் கழித்து அதே கவுன்ட்டரில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார், அவர் வேறு மாதிரி சொல்வார். இந்தியாவில் பதிவான மோட்டார் வாகனத்தில் மாற்றம் செய்வதற்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு ஆர்.சி. விவரம் மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது. பிரிட்டனில் பதிவுப் புத்தகத்தில் சி.சி.யும் இன்ஜின் எண்ணும் இருக்கும், மாறினால் அங்கே வாகனப் பதிவைப் பார்க்கும் டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், சி.சி. மாறியதற்கு இன்ஜின் வாங்கிய ரசீது மாதிரி எழுத்துப்பூர்வ ஆதாரம் இணைக்க வேண்டும். பில்லைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

ஆய்வு இருந்தால் அதற்குப் போகும் முன்பு பிரேக், விளக்கு, ஹாரன், செயின் கவர், பெட்ரோல் குழாயில் கசிவு, இவற்றைப் பார்த்துவிடுங்கள். வண்டியின் இரண்டு பக்கமும், இன்ஜினும் ஃபிரேம் எண்ணும் தெரியும்படி தேதியோடு ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

லைசென்ஸும் இன்சூரன்ஸும்

வகை மாறினால் லைசென்ஸும் மாறலாம். கலிஃபோர்னியாவில் மொபெட்டுக்கு எம்2 என்ற வகை லைசென்ஸ் போதும், மோட்டார் சைக்கிள் ஆகிவிட்டால் எம்1 வகை வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது சி.சி. என்ன சொன்னீர்களோ அதன் மேல்தான் அந்த ஒப்பந்தம் நிற்கிறது. அதனால் இன்ஜினை மாட்டும் முன்பே அவர்களுக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள், மாட்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இடைவெளியில் ஓட்டும் ஒவ்வொரு நாளும் காப்பீடு இல்லாமல் ஓட்டுவது மாதிரிதான்.

மாற்றும் நாள் வந்தால்

இந்த வரிசையில் போங்கள்: முதலில் அனுமதி தேவையா என்று பார்த்து, தேவையென்றால் வாங்குங்கள். அப்புறம் இன்சூரன்ஸுக்குத் தகவல். அப்புறம் புது இன்ஜின் எண்ணுக்குப் பென்சில் பிரிண்ட், அதை இன்ஜினை மாட்டும் முன்பே எடுப்பது சுலபம், மாட்டிய பிறகு சில இன்ஜினில் எண் ஃபிரேம் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்புறம் மாட்டுதல், ஸ்ப்ராக்கெட் கணக்கைச் சரிபார்த்தல், ஃபோட்டோ, படிவம். புதுத் தாள் கைக்கு வரும்வரை வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.

பேட்டரி மோட்டாருக்கு மாறுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, சில இடங்களில் வண்டி பதிவே தேவைப்படாத வகைக்கு இறங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெடல் மிதிக்கும்போது மட்டும் துணை செய்து 25 கிலோமீட்டரில் நின்றுவிடும் 250 வாட் மோட்டார் அப்படிப்பட்டது. அப்படி மாறினால் பழைய பதிவைத் தூங்கவிடாமல் முறையாக ரத்து செய்யுங்கள்.

கழற்றிய பழைய இன்ஜினை விற்கிறீர்கள் என்றால் ஒரு ரசீது எழுதி, அதில் இன்ஜின் எண்ணும் தேதியும் வாங்குபவர் கையெழுத்தும் இருக்கும்படி செய்து ஒரு நகலைப் பதிவுத் தாளோடு வையுங்கள். அந்த எண் இத்தனை நாள் உங்கள் வண்டியின் பெயரில் இருந்தது, அடுத்தவர் அதை எந்தச் சைக்கிளில் மாட்டி எங்கே ஓட்டினாலும் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.